அடுப்பில்லாத அறை

கம்பெனி பஸ்ஸை விட்டு மாரிசெல்வி இறங்கியபோது மணி மூன்றரை. காலை ஷிஃப்ட் முழுக்க நின்ற கால்கள் கனத்தன. சேரப்பணஞ்சேரியில் அவள் வாடகைக்கு இருக்கும் ஒற்றை அறை திறந்து கிடந்தது. உள்ளே, கோவில்பட்டியிலிருந்து சொல்லாமல் வந்திருந்த அண்ணன் கோமதிநாயகம் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஓர் அரிசி மூட்டை.

"என்னட்டி இது? அடுப்பு இல்ல, அரிசி இல்ல, ஒரு உப்பு டப்பா கூட இல்ல. மாப்பிள்ளை போன துக்கத்துல பட்டினி கெடக்கியா?"

வாசலில் நின்ற வீட்டுக்கார மீனம்மாள் சிரித்தாள். "வந்ததுலேர்ந்து அடுப்பத் தேடிக்கினு கீறாரு. கேன்டீன்ல துன்னுட்டு வர்ற பொண்ணுக்கு அடுப்பு எதுக்குன்னேன், காதுலயே வாங்கல." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணாந் தேதி ரூமக் காலி பண்றதா சொல்லிட்டாரும்மா. ஒரு பையன் கேட்டுக்கினு கீறான். அவனாண்ட சொல்லிடவா?"

மாரிசெல்வி அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். இந்த அறை போனால் அண்ணன் வீட்டுக் கூடத்தில் ஒரு மூலை. வருகிறவர், போகிறவரெல்லாம் உச்சுக்கொட்டுவார்கள்.

அவளும் புருஷன் சுடலைக்கண்ணுவும் ஆறு வருடம் இப்படித்தான் இருந்தார்கள். காலையிலும் மதியமும் கேன்டீன் சாப்பாடு. ராத்திரிக்கு ஊறிய அவல், வெல்லம், ஆளுக்கொரு வாழைப்பழம். கூட வேலை பார்த்தவர்கள் தவணையில் ஃப்ரிட்ஜும் கட்டிலும் வாங்கிப் போட்டு, அதற்காகவே ஓ.டி.க்கு ஓடினார்கள். இவர்கள் சூப்பர்வைசரிடம் முடியாது என்று சொல்லிவிட்டு ஏரிக்கரையில் நடந்தார்கள். அதில் ஒரு திமிர்கூட இருந்தது அவர்களுக்கு. மஞ்சள் காமாலையில் அவன் போய் ஒன்பது மாதம் ஆகிறது. இப்போது தனியாக நடக்கிறாள். சில நாள் பாதியிலேயே திரும்பிவிடுகிறாள்.

"கெளம்பு. உனக்கு என்ன குறை, நான் இல்லையா?" என்றார் அண்ணன்.

மாரிசெல்வி உள்ளே வந்தாள். ஷூவைக் கழற்றிச் சுவரோரம் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, அவுக இல்லைன்னுதான் நான் அழுதேன். கட்டில் இல்லைன்னு ஒரு நாளும் அழல."

"இந்த வெறுந்தரையில..."

"அவுக இருக்கையிலயும் இதே தரைதான். அப்ப நீங்க ஒருக்க எட்டிப் பாத்துட்டு, 'ரெண்டு பேரும் ராசா ராணி மாதிரி இருக்கீக'ன்னு சொல்லிட்டுப் போனீக. இப்ப மட்டும் எப்படிண்ணே இது தரித்திரமாச்சு?"

கோமதிநாயகம் அறையைப் பார்த்தார். கொடியில் இரண்டு யூனிஃபார்ம், மூன்று சேலை. ஜன்னலில் பாதி தின்ற கொய்யா. ஒரு தண்ணீர்க் குடம், தட்டு, இரண்டு டம்ளர்.

"மெலிஞ்சு போயிருக்கியேட்டி."

"ஆமா. துக்கம்லா. சோறு இருந்தாலும் மெலியத்தான் செய்யும். அதுக்கு ரூம் என்ன பண்ணும்?"

அவர் எழுந்து வெளியே போனார். வாசலில் குரல் கேட்டது.

"அம்மா, அந்தப் பையன்கிட்ட ஒண்ணும் சொல்ல வேண்டாம். இவ இங்கனயே இருக்கா."

"இன்னா சார், காலைல ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணா? நல்லவேளை, இன்னும் போன் போடல. அரிசி மூட்டைய இன்னா பண்ணப் போற?"

"நீங்களே வச்சுக்கிடுங்க. இங்க எதுல பொங்க?"

திரும்பி வந்தபோது மாரிசெல்வி உட்கார்ந்தபடியே, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கிப் போயிருந்தாள். கோமதிநாயகம் அவளை எழுப்பவில்லை. மின்விசிறியை ஒரு சுற்று கூட்டி வைத்துவிட்டு, எதிர்ச்சுவரில் சாய்ந்து அதே தரையில் காலை நீட்டினார்.