பெரியப்பாவின் கரண்டுக் குழி

பரீட்சை லீவு விட்டதும் என்னை ராஜபாளையத்திலிருந்து வன்னியம்பட்டிக்குப் பஸ் ஏற்றிவிடுவார்கள். பெரியப்பா வீட்டில் பால் உண்டு, மாங்காய் உண்டு, அதட்ட ஆள் கிடையாது. ஆனாலும் பஸ் ஊரை நெருங்கும்போதே எனக்குத் திரும்பிப் போய்விடலாமா என்று இருக்கும்.

காரணம், மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இருந்த சாணி கேஸ் குழி. கிணறு மாதிரி வட்டமாகச் செங்கல் கட்டி, சாணிக் கரைசல் நிறைத்து, அதன்மேல் பெரிய இரும்புத் தொட்டி ஒன்றைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். உள்ளே கேஸ் சேரச் சேரத் தொட்டி தானாக மேலே எழும்பும். செலவாகச் செலவாக இறங்கும். காலையில் என் தலைக்கு மேல் நிற்கிற தொட்டி சாயங்காலம் இடுப்பளவுக்கு அமுங்கிக் கிடக்கும். யாரும் தொடாமல் ஒரு பொருள் ஏறி இறங்கினால் அது மூச்சு விடுகிறது என்றுதானே ஒரு பிள்ளை நினைக்கும்? போதாக்குறைக்குப் பெரியப்பா மகன், என் அண்ணன், "ஒரு தீக்குச்சி போதும் ஏட்டி, மொத்த ஊரும் மலை மேல போய் விழும்" என்று சொல்லிவைத்திருந்தான். நான் அந்தப் பக்கம் தும்மக்கூடப் பயப்படுவேன்.

பெரியப்பா பட்டாளத்தில் லாரி பழுது பார்க்கிற ஒர்க்ஷாப்பில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவர். குழியிலிருந்து ஒரு குழாய் அடுப்பங்கரைக்குப் போனது. இன்னொன்று தொழுவத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய டீசல் எஞ்சினுக்குப் போனது. கொஞ்சம் டீசல், மிச்சமெல்லாம் சாணி கேஸ். எஞ்சின் ஓடும், பெல்ட் ஒரு டைனமோவைச் சுற்றும், ஊரெல்லாம் கரண்டு போன சாயங்காலத்தில் எங்கள் வீட்டில் மட்டும் நாலைந்து பல்புகள் லேசாக நடுங்கிக்கொண்டு எரியும். முதல் தடவை எரிந்தபோது வேடிக்கை பார்க்க வந்தவர்களில் சிலர் பல்புக்குப் பக்கத்தில் போய் முகர்ந்து பார்த்தார்களாம், நாற்றம் வருகிறதா என்று.

அந்த வருசக் கோடையில் நான் போனபோது தொட்டி எழும்பவில்லை. சாணிக் கரைசல் உள்ளே போகிற குழாயை வைக்கோல் அடைத்துவிட்டதாம். அடுப்புக்கும் கேஸ் இல்லை. பெரியம்மா மறுபடி பருத்திமார் விறகை முறித்துப் போட்டு, புகைக்குள் இருமிக்கொண்டே சோறு பொங்கிக்கொண்டிருந்தாள். அவள் வாய் திறந்து குறை சொல்லவில்லை. பெரியம்மா பேசுவதே அபூர்வம். ஆனால் அந்த இருமலைக் கேட்டுக் கேட்டுப் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை என்று நினைக்கிறேன். ஆட்களைக் கூப்பிட்டுத் தொட்டியைத் தூக்கி ஓரத்தில் வைத்தார். கரைசலை வாளி வாளியாக இறைத்தார்கள். மறுநாள் காலையில் தானே இறங்கி அடைப்பை எடுக்கப்போவதாகச் சொன்னார்.

திறந்த குழியை நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். உள்ளே இருட்டு. அடியில் கறுப்பாகக் கசடு. அழுகின முட்டை நாற்றம்.

மறுநாள் காலையில் பெரியம்மா கிணற்றுக் கயிற்றோடு வந்து நின்றாள்.

"இடுப்புல கட்டிக்கிட்டு எறங்குங்க."

"நான் என்ன கெடாமாடா? நேத்தே தெறந்து போட்டாச்சு. கேஸெல்லாம் காத்தோட போயிருக்கும்."

பெரியம்மா அவர் இடுப்பில் தானே கயிற்றைச் சுற்றி முடிந்தாள். மறுமுனையைப் பக்கத்து வேப்பமரத்தில் கட்டினாள். பிறகு என் கையைப் பிடித்துக் குழியிலிருந்து கொஞ்சம் தள்ளி உட்காரவைத்தாள்.

"பெரியப்பாட்ட எதையாவது கேட்டுக்கிட்டே இரு. பதில் வரலன்னா கத்து."

உலை கொதித்துக்கொண்டிருந்ததால் அவள் அடுப்பங்கரைக்குப் போய்விட்டாள். அண்ணன் மேலே நின்று கசட்டு வாளியை இழுத்து, குப்பைமேட்டில் கொட்டிவிட்டு வருவான். அவன் போகும்போதெல்லாம் குழிக்குப் பக்கத்தில் நான் மட்டும். அந்த மிருகத்தின் வயிற்றுக்குள் பெரியப்பா. என்ன கேட்பது? வாயில் வந்ததைக் கேட்டேன்.

"கரண்டு எப்படி பெரியப்பா வருது?"

பள்ளத்திலிருந்து குரல் பெரிதாக வந்தது. "சுத்தணும் தாயி. எதை வச்சாவது சுத்தணும். காந்தத்துக்கு நடுவுல செம்புக் கம்பிச் சுருள் சுத்துனா கரண்டு. ஒங்க அப்பா சைக்கிள்ல டைனமோ இருக்குல்லா, அம்புட்டுத்தான் விசயம்."

"நம்ம வீட்டுக்கு வார கரண்டு?"

"பாபநாசத்துல தண்ணி மேலருந்து விழுந்து சக்கரத்தச் சுத்துது. நெய்வேலியில நெலக்கரிய எரிச்சுத் தண்ணியக் கொதிக்க வச்சு, அந்த ஆவியால சுத்துதான். கயத்தாறுப் பக்கம் பாத்திருப்பியே, பனமரத்த விட ஒசரமா காத்தாடி. அதக் காத்து சுத்துது."

அண்ணன் வந்து ஒரு வாளியைத் தூக்கிப் போனான். கீழே பெரியப்பா கசடைக் கிளறுகிற சத்தம் கேட்டது. நாற்றம் அதிகமானது.

"வேற எதுல பெரியப்பா?"

"கல்பாக்கத்துல அணுவ ஒடைக்கான். அதுல வார சூட்டுல… அங்கயும் தண்ணியத்தான்… கொதிக்க வைக்கான்." நடுநடுவே மூச்சு வாங்கியது. வேலை செய்கிறார், அதனால்தான் என்று நினைத்தேன்.

"சூரியன்?"

"சூரியன்… அதுக்குச் சுத்த வேண்டாம். வெளிச்சம் பட்டாலே… அதுக்கு… சுத்த வேண்டாம்… வேண்டாம்…"

கதை சொல்லும்போது இழுத்துப் பேசி என்னைச் சிரிக்கவைப்பது அவர் வழக்கம். நான் சிரிக்கப் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை. "எதுக்கு வேண்டாம் பெரியப்பா?" என்று கேட்டேன். கீழே தொப்பென்று ஏதோ விழுந்தது. மரத்தில் கட்டியிருந்த கயிறு ஒருமுறை விறைத்து ஆடியது.

நான் கத்தினேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பெரியப்பா பேசல, பெரியப்பா பேசல என்று திரும்பத் திரும்பச் சொன்னதாக அண்ணன் பிற்பாடு சொன்னான்.

அவன்தான் முதலில் ஓடிவந்தான். எட்டிப் பார்த்தான். வாளியை எறிந்துவிட்டு, குழிக்குள் இறக்கியிருந்த ஏணியில் காலை வைத்தான். அதற்குள் பெரியம்மா வந்துவிட்டாள். அவன் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்துப் பின்னால் இழுத்துத் தரையில் தள்ளினாள். அவன் எழுந்து மறுபடி பாய, கன்னத்தில் ஓங்கி ஓர் அறை. பெரியம்மா யாரையும் அடித்து நான் பார்த்ததே இல்லை.

"அப்பா உள்ள கெடக்காவம்மா!"

"நீயும் போய்க் கெடக்கணுமால? கயித்தப் பிடி!"

இரண்டு பேரும் இழுத்தார்கள். அசையவில்லை. நானும் போய்ப் பிடித்தேன். உள்ளங்கை தோல் உரிந்தது. பெரியம்மா வாயை மூடியபடி, பல்லைக் கடித்து, காலை மண்ணில் ஊன்றி இழுத்தாள். என் சத்தம் கேட்டுப் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து கை கொடுத்த பிறகுதான் பெரியப்பாவின் தலை விளிம்புக்கு மேலே வந்தது. உதடு நாவல்பழம் தின்றது போல் இருந்தது. செத்துவிட்டார் என்றே நினைத்தேன்.

வேப்பமரத்தடியில் ஒருச்சாய்த்துப் படுக்கவைத்தார்கள். "என்னங்க, ஏங்க" என்று பெரியம்மா அவர் கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஓர் இருமல் வந்தது. அடுத்து வாந்தி. டிராக்டரில் தூக்கிப்போட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பெரியம்மா அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். அழவில்லை.

அவர் பிழைத்து வீடு திரும்பினார். மெலிந்து, கொஞ்ச நாள் தலைவலியோடு. பார்க்க வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் குழியை மண் போட்டு மூடச் சொன்னார்கள். எனக்கு அது தேனாக இனித்தது. பெரியம்மா காபி கொடுத்துக்கொண்டே, "மூடிட்டு? நீங்க வந்து பொகையில நின்னு பொங்குவியளா?" என்றாள். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். வெளியே நின்றபடியே நீள மூங்கிலை விட்டுக் குத்தி அடைப்பை எடுத்தார்கள். தொட்டி மறுபடி குழிக்குள் இறங்கியது. பெரியம்மாவே தினமும் சாணியைக் கரைத்து ஊற்றினாள். நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னாலேயே பல்புகள் எரிந்தன. அவளால் எப்படி அந்தக் குழியின் பக்கத்தில் போக முடிகிறது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்கு அது எழும்பி நிற்பதைத் தூரத்தில் பார்த்தாலே உள்ளங்கை எரிந்தது.

ஒன்று மட்டும் மாறியிருந்தது. அபூர்வமாகப் பேசுகிற பெரியம்மா இப்போது ஓயாமல் பேசினாள். அடுப்பங்கரையிலிருந்து, "என்னங்க, மணி என்ன?" என்பாள். பெரியப்பா முற்றத்துக் கட்டிலில் படுத்தபடி மணி சொல்வார். மாவு ஆட்டிக்கொண்டே, "மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா?" என்பாள். காட்டியது அவளேதான். அவர் குளிக்கப் போனால் வாசலிலிருந்து ஒரு கேள்வி, தொழுவத்துக்குப் போனால் சன்னல் வழியாக ஒரு கேள்வி. பதில் வரச் சற்றுத் தாமதமானால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு வந்து எட்டிப் பார்ப்பாள். பெரியப்பாவும் சலிக்காமல், ஒரே கேள்விக்கு எத்தனை தடவையானாலும், சத்தமாகப் பதில் சொல்லிக்கொண்டே இருந்தார்.

ராஜபாளையம் திரும்பியதும் அம்மாவிடம் அதைத்தான் முதலில் சொன்னேன். பெரியம்மாவுக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை போலிருக்கிறது என்று.