எல்லோருடைய ஒட்டகச்சிவிங்கியும் என் பெட்டியில்

சுற்றுலா வழிகாட்டி என்றால் சிங்கம் காட்டுகிறவர் என்று நினைப்பீர்கள். சிங்கத்தை டிரைவர் காட்டிவிடுவார், நான் பெட்டி கட்டுகிறவன். ஷார்ஜா ரோலாவில் ஒரு சின்ன டிராவல்ஸில் வேலை. பெருநாள் லீவு வந்தால் நம்மாட்களைக் கூட்டிக்கொண்டு கென்யாவுக்குப் போவேன். ஊருக்குப் போகும்போது அடுத்தவர் பார்சலைச் சுமந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். பயணிகளின் பெட்டி நிறைந்துவிட்டால் எல்லோர் கண்ணும் என் பெட்டி மேல்தான்.

ஷார்ஜாவில் என்னோடு இருக்கும் மனைவி ரஹ்மத் கேட்டது ஒன்றே ஒன்று. நைரோபி சந்தையில் கிடைக்கும், கற்றாழை நாரில் பின்னித் தோல் வார் வைத்த கூடை. கீழக்கரையில் ஓலைக் கொட்டான்களோடு வளர்ந்தவள், போனில் அதன் படத்தைப் பார்த்ததும் ஆசைப்பட்டுவிட்டாள். "அடுத்த டிரிப், இன்ஷா அல்லாஹ்" என்று நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கழுத்து நீண்டது

துபாயில் கணக்கராக இருக்கும் ஒருவர் ஆளுயர மர ஒட்டகச்சிவிங்கியை வாங்கிவிட்டார். வாங்கும்போது வீட்டு ஹாலை நினைத்தாரே தவிர விமானத்தை நினைக்கவில்லை. என் லுங்கி, துண்டு, இரண்டு சட்டை எல்லாவற்றையும் அதற்குச் சுற்றி, அட்டை வைத்துக் கட்டி, என் லக்கேஜ் கணக்கில் போட்டேன். கூடை வாங்க வைத்திருந்த இடம் அதோடு போயிற்று.

ஷார்ஜாவில் இறங்கியதும் அவர் கட்டைப் பிரித்துத் தடவிப் பார்த்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நின்றேன். "என்ன பாய், காது ஒண்ணு உடைஞ்சிருக்கே! பாத்துக் கொண்டாந்திருக்கலாமே!"

மாக்கல் அம்மா

நாகர்கோவில் டீச்சர் ஒருவர் நைரோபிச் சந்தையில் மாக்கல் கிண்ணங்களைக் கண்டார். "நம்ம கல்சட்டிக் கல்லாக்கும் இது" என்று தமிழிலேயே பேரத்தைத் தொடங்கினார். கடைக்காரருக்குத் தமிழ் தெரியாது, டீச்சருக்கு சுவாஹிலி தெரியாது. ஆனால் கிண்ணத்தைச் சுண்டிப் பார்ப்பதும், உதட்டைப் பிதுக்குவதும், நான்கு கடை தள்ளிப் போய்த் திரும்பிப் பார்ப்பதும் எல்லா ஊருக்கும் பொது. கடைசியில் டீச்சர் சொன்ன விலைக்கே பேரம் படிந்தது. கல்லின் கனத்தைப் பற்றி யோசித்தவன் நான் ஒருவன்தான்.

கிண்ணங்களைக் காகிதத்தில் சுற்றியபடி கடைக்காரர் என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் தருகிறேன்: "அடுத்த தடவை இந்த அம்மா வந்தா, கடைக்கு உள்பக்கம் என்கூட உட்காரச் சொல்லுங்க."

முகமூடி

புதுக்கோட்டை முருகேசன் அண்ணன் ஒரு கம்பெனி சைட்டில் ஃபோர்மேன், கேம்ப் ரூமில் வாசம். அவர் வாங்கியது பல்லை இளிக்கும் மர முகமூடி. அதுவும் என் பெட்டியில்தான் வந்தது. அதைத் தன் கட்டிலுக்கு மேலே மாட்டினாராம். ரூமில் இருந்தவர்கள் பயந்து சண்டை போட்டிருப்பார்களே என்று போன் செய்து கேட்டேன்.

"நீங்க வேற பாய், இதை மாட்டுனதிலேர்ந்து என் ஷாம்பூவை ஒரு பய தொடுறதில்ல!"

வீட்டுப் பயணி

ஒவ்வொரு முறையும் நான் வெறுங்கையோடு வருவேன். "ஊருக்கெல்லாம் சொமக்குற மச்சானுக்கு, வீட்டுக்குன்னா மட்டும் கை வலிக்குதோ?" என்பாள் ரஹ்மத். திட்டினால் பரவாயில்லை. மாக்கல் கிண்ணங்களோடு வந்த அன்று அவள் கூடையைப் பற்றிக் கேட்கவே இல்லை. டீ போட்டுக் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அடுத்த டிரிப்பில் அவளுக்கும் டிக்கெட் போட்டேன்.

சந்தையில் அவளே பார்த்துப் பார்த்துச் சிவப்புக் கோடு போட்ட கூடையை எடுத்தாள். அதற்குள் எங்கள் துணிகளை அடுக்கிக் கையில் வைத்துக்கொண்டாள். "யாராச்சும் வந்து பல்லைக் காட்டுனா, முடியாதுன்னு சொல்லணும். சொல்வீங்களா?" என்று ஏர்போர்ட்டில் சத்தியம் வாங்காத குறை.

கவுண்டரில் எங்கள் குழுவில் வந்த ஒரு தாய் தவித்துக்கொண்டிருந்தார். மகனுக்கு வாங்கிய தோல் மேளத்துக்குப் பெட்டியில் இடமில்லை. என்னைப் பார்த்தார். வாழ்க்கையில் முதல் தடவையாக, அரபியும் தமிழுமாக, "மாஃபி, எங்கிட்டயும் இடம் இல்லைம்மா" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பெருமையில் ரஹ்மத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்தம்மா மேளத்தை ஒரு முறை தடவிவிட்டு ஓரமாக வைத்தார்.

ரஹ்மத் கூடையைக் கீழே வைத்தாள். என் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவி என் கையில் திணித்தாள். "போட்டுக்கங்க" என்றாள். ஒன்றின் மேல் ஒன்றாகப் போட்டேன். மேளம் கூடைக்குள் அளவெடுத்தது போல் உட்கார்ந்தது. பிறகு என் பக்கம் திரும்பினாள்: "பச்சப்புள்ளைக்கு வாங்குன சாமானை விட்டுட்டு வாங்கன்னு எப்படி மச்சான் வாய் வந்துச்சு? ஒங்களுக்கு ஈவு இரக்கமே கெடையாதா?"

'இல்லை' என்று சொல்லத் தெரியாதவர் வீட்டுக்கு ஒருவர் இருந்தாலே பெட்டி தாங்காது, எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பேர்.