குலவையிட்டும் நிற்காத ரயில்

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம் அப்பா கேட்டது ஒன்றுதான்: உங்கள் ஊரில் ரயில் நிற்குமா? தென்காசியில் ஒரு ஜவுளிக்கடையில் எனக்கு வேலை. கடையத்துக்கும் தென்காசிக்கும் நடுவில் இருந்த அந்தச் சின்ன ஊரில் மீட்டர்கேஜ் ரயில் நின்றது. அதனால்தான் கல்யாணம் முடிவானது.

காலையில் பால்கேனும் கீரைக்கட்டும் ஏறும் பெட்டியில் நானும் ஏறுவேன். சாரல் நாட்களில் திரும்பி வரும்போது, குற்றாலத்தில் குளித்துவிட்டு வருபவர்களின் ஈரத்துண்டுகள் ஜன்னல் கம்பிகளில் தொங்கும்.

அகலப்பாதை போட வேண்டுமென்று ரயிலை நிறுத்தினார்கள். என் கணவரின் சித்தப்பாதான் ஊரைக் கூட்டிப் பேசினார். கல்யாணத்தில் முன்னால் நின்று எல்லாம் செய்தவர். நான் மாமா என்று கூப்பிடுவேன்.

"கொஞ்ச காலம் பொறுத்துக்கிடுங்க. பெரிய பிளாட்பாரமா போட்டு, எக்ஸ்பிரஸே நம்மூர்ல நிக்கப் போகுது. நாமளும் ஒத்தாசை பண்ணணும்லா" என்றார்.

ரயில்பாதைக் கரையை உயர்த்த மண் தேவைப்பட்டது. பாதையை ஒட்டி எங்கள் வயல். மேல்மண்ணை அள்ள விட்டோம். பக்கத்து வயல்காரர்களும் விட்டார்கள். மண் அடித்தவை மாமாவின் லாரிகள். அவை உள்ளே வர வரப்பை வெட்டிக் கொடுத்தது என் கணவர்.

அந்த வருடங்களில் பஸ் மாறி மாறிப் போனேன். பிந்திப் போய்க் கடையில் ஏச்சு வாங்கினேன். "ரயில் வந்துரும் அண்ணாச்சி" என்று முதலாளியிடம் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

புது ரயில் வரும் நாளில் பெரிய பிளாட்பாரம் பிறகு வரும் என்று நம்பி, பழைய பிளாட்பாரத்திலேயே வாழைமரம் கட்டினோம். ரயில் தெரிந்ததும் பெண்களெல்லாம் குலவையிட்டோம். அது வேகத்தைக் குறைக்கவே இல்லை. நடுப்பெட்டி ஜன்னலில் மாமா. தென்காசியிலேயே ஏறியிருக்கிறார். கழுத்தில் மாலையோடு எங்களைப் பார்த்துக் கையசைத்தார்.

"சித்தப்பா உள்ளதான இருக்காரு. அங்கன தள்ளி நிப்பாட்டுவாங்க" என்று சொல்லி, இன்ஜினுக்குப் போட வைத்திருந்த மாலையோடு என் கொழுந்தன் கொஞ்ச தூரம் ஓடினான்.

சாயங்காலம் நானும் கணவரும் மாமா வீட்டுக்குப் போனோம். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"நிக்காதுன்னு எப்பம் தெரியும் மாமா?"

"ஆரம்பத்துலயே சொல்லிட்டாவ. சின்ன ஸ்டேஷனை எல்லாம் எடுத்தாச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா மண்ணு தந்திருப்பியளா?" என்றார், தலை நிமிராமல்.

நான் கணவரைப் பார்த்தேன். அவர் ஏதாவது கேட்பார் என்று நின்றேன். "விடு. பெரியவங்க" என்று என் கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்துவிட்டார். மாமா சொன்னதைவிட அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலையை விட்டுவிட்டேன். வயல் இன்றும் பள்ளம்தான். மழைக்குத் தண்ணீர் தேங்கி நாற்று அழுகிவிடுகிறது. போன மாதம் மாமா மகளுக்குக் கல்யாணம். என் கணவர் மட்டும் போனார். என்னை விசாரித்தவர்களிடம் அவளுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லியிருக்கிறார். என் உடம்புக்கு ஒன்றுமில்லை.