திங்கட்கிழமைச் சூளை

ஃப்ளோராவுக்கு நான் மனசுக்குள் வைத்திருந்த பேர் ‘இன்னொரு தடவை’. எதைச் சொல்லிக் கொடுத்தாலும், “இன்னொரு தடவ சொல்லுங்க மிஸ்ஸு” என்பாள். எனக்குப் பொறுமை கிடையாது. விருத்தாசலம் பாலக்கரையில் பதினோரு வருஷமாகக் கம்ப்யூட்டர் சென்டர் நடத்துகிறேன். அமுதவள்ளி மிஸ் கத்துவாள் என்று ஊருக்கே தெரியும். நாற்பத்திரண்டு வயதில், பீங்கான் கம்பெனி வேலையை முடித்துவிட்டு, சேலை ஓரத்தில் வெள்ளை மண்ணோடு சாயங்காலம் மாடியேறி வந்தவளிடமும் கத்தினேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

“எக்செல் எதுக்கு உங்களுக்கு?” என்று முதல் நாளே கேட்டேன்.

“ஒருத்தருக்கு வேல போவப்போவுது மிஸ்ஸு. அவரு மேல தப்பில்லன்னு எனக்குத் தோணுது. தோணுதுன்னு சொன்னா யாரு கேப்பாங்க?”

அந்த ஒருத்தர் கொளஞ்சியப்பன், சூளை எரிப்பவர். அவர்கள் செய்வது பீங்கான் ஃபியூஸ். சில மாசமாகச் சூளையிலிருந்து வெளியே வரும் சரக்கில் விரிசல் அதிகம், அதுவும் கொளஞ்சியப்பன் எரிக்கும் சூளையில்தான் அதிகம். வயசாகிவிட்டது, மாசக் கடைசியோடு நின்றுகொள்ளட்டும் என்றுவிட்டார் முதலாளி பழமலைநாதன். ஃப்ளோராவுக்கு, இன்னும் சுடாத பச்சைச் சரக்கைக் காயவைக்கும் பிரிவைப் பார்த்துக்கொள்ளும் வேலை. சேர்ந்த புதிதில் இரும்புத் தட்டு காலில் விழுந்தபோது, அவளைச் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குத் தள்ளிக்கொண்டு போனவர் கொளஞ்சியப்பன். அன்றிலிருந்து அவர் அவளுக்கு அண்ணன்.

ஒரு வருஷ நோட்டை ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றினாள். தேதி, எரித்தவர் பேர், எத்தனை வைத்தார்கள், எத்தனை விரிசல். எட்டு நாள் ஆனது. தேதியிலிருந்து கிழமையை எடுக்கச் சொன்னேன், வரிசையாக எரர். போய்ப் பார்த்தால், நாமெல்லாம் கையால் எழுதுவது போலவே தேதிக்கு நடுவில் புள்ளி வைத்து அடித்திருக்கிறாள் மகராசி. கம்ப்யூட்டருக்கு அது தேதியே இல்லை. கத்தத்தான் போனேன். அதற்குள் அவள் முதல் வரியிலிருந்து அழித்துத் திரும்ப அடிக்க ஆரம்பித்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, எல்லாப் புள்ளியையும் ஒரே தடவையில் கோடாக மாற்றிக் காட்டினேன். “இவ்ளோதானா?” என்று சிரித்தாள். அன்றுதான் அவளை எனக்குப் பிடித்துப்போனது.

அடுத்தது பிவோட் டேபிள், ஏற்றிய கணக்கை வகைவகையாகப் பிரித்துக் கூட்டிக் காட்டும் அட்டவணை. பேரை மட்டும் போட்டால், மற்றவர்களைவிட இரண்டு மடங்கு விரிசல் கொளஞ்சியப்பன் பக்கம். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

“மொதலாளி சொன்னது சரிதானா மிஸ்ஸு?”

“அழுவுறத அப்புறம் வச்சிக்கலாம். கெழமையையும் இழுத்துப் போடுங்க.”

போட்டாள். திங்களும் வியாழனும் அவர் முறை. வியாழக்கிழமை அவர் எரித்த சூளையில் எல்லாரையும் போலத்தான். திங்கட்கிழமை மட்டும் எகிறி நின்றது. பங்குனி உத்திரத்துக்கு அவர் லீவு போட்ட வாரம், திங்கட்கிழமை வேறொருவர் எரித்ததிலும் அதே அளவு விரிசல். தீபாவளிக்கு முந்திய திங்கட்கிழமைகளில் அப்படி ஒன்றுமே இல்லை.

நான் கை தட்டினேன். அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“நான்தான் மிஸ்ஸு,” என்றாள்.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு பெண்கள் முறைபோட்டு வந்து, காயும் சரக்கைத் திருப்பிவைக்க வேண்டும். பாவம், அவர்களுக்கும் வீடு வாசல் இருக்கிறதே என்று, தீபாவளிக்குப் பிறகு சனிக்கிழமைச் சரக்கைச் சூளைச் சுவரை ஒட்டி அடுக்கச் சொன்னவள் ஃப்ளோராதான். சூட்டிலேயே காய்ந்துவிடும், ஞாயிறு யாரும் வர வேண்டாம். அப்படி அவசரமாகக் காய்ந்ததில்தான் விரிசல். அதைத்தான் திங்கட்கிழமை கொளஞ்சியப்பன் சூளையில் ஏற்றியிருக்கிறார்.

“கெழமைய மட்டும் காட்டுங்க. மத்தத நீங்க சொல்ல வேணாம்,” என்றேன். எனக்கு அவள் வேலை முக்கியமாகப் பட்டது.

“திங்கக்கெழம எரிக்கிறது யாருன்னு கேப்பாரு. மறுபடி அண்ணந்தான மாட்டுவாரு?”

மறுநாள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். முதலாளி முன்னால், கொளஞ்சியப்பனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, டேபிளை அவளே விரித்துக் காட்டினாள். ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. கடைசியில், “தப்பு எம்மேலதாங்க. அண்ணன நிறுத்தாதீங்க,” என்றாள்.

முதலாளி திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். “அப்ப ஞாயித்துக்கெழம பழையபடி ஆளு வரணுமா?” என்றார்.

“வேணாங்க,” என்றார் கொளஞ்சியப்பன். “சனிக்கெழம சரக்க ஈரச்சாக்கு போட்டு மூடிட்டா அப்பிடியே இருக்கும். திங்கக்கெழம காயவச்சி, சூளைய புதங்கெழம போட்டுக்கலாம்.”

“சரி, நீயே பாத்துக்க,” என்று முதலாளி எழுந்து போய்விட்டார். மாசக் கடைசியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஃப்ளோராவையும் ஒன்றும் சொல்லவில்லை.

கொளஞ்சியப்பன் மேஜைமேல் கிடந்த உடைந்த ஃபியூஸ் ஒன்றை எடுத்தார். “சுடுறதுக்கு முன்ன பூசுற பூச்சு, வெடிச்ச எடத்துக்குள்ள எறங்கியிருக்குது பாரு தங்கச்சி. சூளைக்கு வர்றதுக்கு முன்னாடியே வுட்ட விரிசல். மொத மாசமே பாத்துட்டன்.”

ஃப்ளோரா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். “தெரிஞ்சிருந்தும் ஏண்ணே சொல்லல? வேல போயிருக்குமே.”

“சொன்னா ஒன்னத்தான புடிப்பாங்க,” என்றார். “மாத்து வழி ஒண்ணு வேணுமில்ல, ஈரச்சாக்கு ரோசனயும் எனக்கு நேத்துதான் வந்துது.”

அவள் அங்கேயே அழுதாள். நான் சும்மா இருக்க வேண்டியதுதானே, நானும் அழுதேன்.