கயிற்றுத் தடம்

என் அம்மா யாருக்கும் காட்டாமல் மூடி வைத்திருந்ததை நான் கடைகடையாகத் தொங்கவிட்டேன். அவரிடம் கேட்கவில்லை. இன்றுவரை சொல்லவும் இல்லை. முதலில் உங்களிடம்தான் சொல்கிறேன்.

இலங்கை மலையகத்தில், வட்டகொடைத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான எங்கள் லயத்து வீட்டிலிருந்தே கொழும்பு விளம்பர நிறுவனம் ஒன்றுக்கு வேலை செய்கிறேன். செயற்கை நுண்ணறிவுக்கு எழுத்தில் விவரம் கொடுத்துப் படம் வரவழைக்கும் வேலை. அந்த விவரிப்பை ப்ரொம்ப்ட் என்போம்.

ஒரு தேயிலைக் காலண்டருக்குக் கொழுந்து பறிக்கும் பெண்ணின் முகம் கேட்டார்கள். ‘நிஜம் போல’ என்று எழுதினேன், மெழுகு வந்தது. ‘சுருக்கம், வியர்வை’ என்று சேர்த்தேன், மெழுகுக்கு வியர்த்தது.

தோல் எப்படி இருக்கிறது என்று எழுதினால் போதாது. அதற்கு என்ன நடந்தது என்று எழுத வேண்டும். அது எனக்குத் தெரியும்... என் எதிரிலேயே தலைவாரிக்கொண்டிருந்தது.

கொழுந்துக் கூடையின் கயிற்றைத் தலையில்தான் மாட்டுவார்கள். முப்பது வருடம் மாட்டியதில் அம்மாவின் முன்னந்தலையில் ஒரு பள்ளம். எப்போதும் துண்டால் மூடியிருப்பார். கல்யாண வீட்டுப் படங்களிலும் முக்காடுதான். அடையாள அட்டைக்குத் துண்டை எடுக்கச் சொன்னபோது முடியை இழுத்து மறைத்துக்கொண்டார். காலையில் எண்ணெய் வைக்கும் ஐந்து நிமிடம் மட்டும் அது திறந்திருக்கும், என் முன்னால் மட்டும்.

அந்த ஐந்து நிமிடத்தில்தான் குறித்துக்கொண்டேன். ஒன்று, இரண்டு விரல் அகலத்துக்கு முடி இல்லை. இரண்டு, நடுவில் தோல் வெளிறி, தேய்ந்த படிக்கல்லைப் போல மினுங்குகிறது. மூன்று, ஓரங்கள் கறுத்துத் தடித்திருக்கின்றன. நான்கு, வலது பக்கம் ஆழம் அதிகம். கூடை அந்தப் பக்கம்தான் சாயும். ஐந்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் பள்ளத்துக்குள் மெல்லிய நிழல்.

ஐந்தையும் எழுதினேன். படம் வந்தது.

நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். முகம் வேறு யாருடையதோ. நெற்றிக்கு மேலே... அம்மா! தொட்டால் விரலில் எண்ணெய் ஒட்டும் போலிருந்தது. ஒரு புகைப்படமும் கொடுக்கவில்லை, வெறும் சொற்கள். சொற்களுக்கு இவ்வளவு முடியுமா?

அழிக்க வேண்டும் என்று தெரிந்தது. அழித்தேனா? அனுப்பினேன். முகம் அவருடையது இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

காலண்டர் கடைகளுக்கு வந்ததும் பக்கத்து வீட்டு செல்வி அக்கா ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

“ராசம்மாக்கா, இங்க பாருங்க. நம்மள மாதிரி ஒருத்தி, துண்ட அவுத்துப் போட்டுட்டு ஒய்யாரமா நிக்கிறா. கங்காணி பாத்தா வெரட்டி விட்டுருவாரு.”

அம்மா படத்தை வாங்கி வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நெடுநேரம் பார்த்தார். அவர் கை தலைத்துண்டு வரை போய்த் திரும்பியது.

“எந்தத் தோட்டத்து ஆளு பாப்பா இது?”

“யாருமே இல்லம்மா. கம்ப்யூட்டர் வரஞ்சது.”

“இல்லாத ஆளுக்கா கவுத்துத் தடம் விழுந்துச்சு?”

செல்வி அக்கா சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“பாவம். ஒரு துண்டக் குடுத்து நிக்க வச்சிருக்கலாம்.”

அப்போதாவது சொல்லியிருக்கலாம்... நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலண்டரை அம்மா என் மேசைக்கு எதிரே மாட்டினார். துவைத்த தன் துண்டு ஒன்றை மடித்து அதே ஆணியில் தொங்கவிட்டார். அந்தப் பெண்ணின் தலை மறைந்தது. மாதம் முடிந்தால் துண்டை விலக்காமலே படத்துக்குக் கீழே உள்ள மாதத் தாளைக் கிழிக்கிறார்.

அதன் எதிரில் உட்கார்ந்துதான் அடுத்த விவரிப்பை எழுதுகிறேன். நிமிரும்போதெல்லாம் என் கண் தானாகவே எண்ணத் தொடங்குகிறது. ஒன்று, ஓரத்தில் நூல் பிரிந்திருக்கிறது. இரண்டு, நடுவில், கயிறு அழுத்திய இடத்தில், நெசவு தேய்ந்து வெளிச்சம் தெரிகிறது...