ஆறு பேர் சேர்ந்து ஒருத்தனை அடித்த படம்

சினிமாவுக்கு மைக் பிடித்த முதல் நாளே வில்லனை ஹீரோவாக்கிய ஆள் நான்.

அதுவரை மாதா கோயில் கொடியேற்றம், காணாமல் போன மாடு, இவைதான் என் அறிவிப்புகள். பேராவூரணியில் தியேட்டர் முதலாளி ஒருத்தர் கூப்பிட்டு, ஆட்டோவில் மைக் செட்டையும் போஸ்டரையும் ஏற்றிவிட்டார்.

"அருளு, கேபிள் டிவி வந்து நம்ம பொழப்புல மண்ணு விழுந்துடுச்சு. இந்த டப்பிங் படம் ஒரு வாரம் ஓடலைன்னா நான் தியேட்டரை இடிச்சுட்டு மண்டபம் கட்டிடுவேன். நீ மறுபடியும் மாடு தேடப் போயிடு. படம் பாத்தியா?"

"பாத்துட்டேங்க." பச்சைப் பொய்.

போஸ்டரைத்தான் பார்த்தேன். ஒரு பக்கம் ஆறு பேர் முறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். எதிரே ஒரே ஒருத்தன், மூஞ்சியும் அவனுக்குத்தான் பெரிசு. நம்ம படத்தில் ஆறு பேராக வந்தால் அடியாள், தனியாக நின்றால் ஹீரோ. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

"ஒற்றை ஆளாய் நின்று ஆறு ரவுடிகளைப் பந்தாடும் மாவீரன்! காணத் தவறாதீர்கள்!"

கூட்டம் அள்ளியது. படம் விட்டதும் அத்தனை பேரும் ஆட்டோவைச் சுற்றிக்கொண்டார்கள்.

"யோவ், ஹீரோவை ஆறு பேரு சேந்து கொன்னுட்டானுங்க! இதைப் பாக்கவா கூப்பிட்ட?"

ஆபரேட்டர் தலையில் அடித்துக்கொண்டு கதை சொன்னார். உலகத்தைக் காப்பாற்றுகிறேன் என்று அந்த ஆறு பேரும் போட்ட சண்டையில் ஒருத்தன் ஊரே தரைமட்டம். அதைக் கேட்க வருகிறவன்தான் வில்லனாம்.

"நாளைக்கு ஒழுங்கா சொல்லு," என்றார் முதலாளி. ஒழுங்காகச் சொன்னேன். தியேட்டர் காற்று வாங்கியது. மூன்றாம் நாள், "பழசையே சொல்லித் தொலை," என்றார். கூட்டம் திரும்பி வந்தது.

ஆறாம் நாள் எங்க ஊர் முத்தையன் மறுபடியும் டிக்கெட் வாங்கிக்கொண்டு நின்றார். நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு துபாய்க்குப் போனவர், லீவு முடிந்து மறுநாள் கிளம்புகிறார்.

"மூணாவது தடவைங்களா? அவன் தோத்துடுவான்னு தெரியும்ல?"

"தெரியும். அந்த ஆறு பேருக்கு என்னப்பா போச்சு? ஜோக்கடிச்சுட்டு வீட்டுக்குப் போறானுங்க. இவன் ஒருத்தன்தான் 'என் ஊர் எங்கே'ன்னு கேக்குறான். அந்த இடத்துக்காக வரேன்."

அவர் கூடவே உள்ளே போய் அன்றுதான் படத்தைப் பார்த்தேன்.

படம் மூன்று வாரம் ஓடியது. தியேட்டர் தப்பியது, நானும் தப்பினேன். மைக் பிடிக்க வரும் தம்பிகளே, படத்தைப் பார்த்துவிட்டு அறிவிப்புச் செய்யுங்கள். ஆனால் ஒன்று, நான் முதல் நாளே பார்த்திருந்தால் சரியாகச் சொல்லித் தொலைத்திருப்பேன். படம் ரெண்டாம் நாளே பெட்டிக்குள் போயிருக்கும்.