வெளியே வந்த வீடு

நீதிபதி ஒரே மூச்சில் ரோண்டெல் கிட்டிங்ஸுக்கு இரண்டு கட்டளைகள் போட்டார். பழைய வீடுகளை இடித்து நொறுக்காமல் பிரித்தெடுக்கும் தொழிற்பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் நிறுத்தி வைத்த சிறைத்தண்டனை உயிர்பெறும். அடுத்தது, ஆளில்லாத எந்த வீட்டுக்குள்ளும் அவர் காலெடுத்து வைக்கக் கூடாது. வைத்தாலும் அதே சிறைதான்.

அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் நாங்கள் பிரிப்பதெல்லாம் ஆளில்லாத வீடுகள். ஆள் குடியிருக்கும் வீட்டை யார் பிரிப்பார்கள்?

ரோண்டெலுக்கு வயது நாற்பத்தொன்று. மீன் கடையில் வேலை போன பிறகு பூட்டிக் கிடந்த வீடொன்றில் நுழைந்து செம்புக் குழாயை அறுத்து விற்றார். யாரையும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. அந்த வீட்டின் சொந்தக்காரன் வெளிமாநிலத்தில் இருந்துகொண்டு பல வருடங்களாக வரி கட்டாமல் வீட்டை அழுகவிட்டவன். அவனை எந்த நீதிமன்றமும் கூப்பிடவில்லை. குழாயைத் தொட்டவருக்குக் கணுக்காலில் கண்காணிப்புக் கருவி. இப்போது அதே குழாயை எப்படிப் பதமாகக் கழற்றுவது என்று அரசாங்கச் செலவில் பாடம்.

அவரோடு சேர்த்துப் பயிற்சியில் இருந்த எங்கள் எட்டுப் பேருக்கும் ஆளுக்கொரு வழக்கு உண்டு. ஆனால் வாசலிலேயே நிறுத்தப்பட்டவர் ரோண்டெல் மட்டும்.

பயிற்சி தந்த மிஸ் ஆர்லீன் முதல் நாளே நன்னடத்தை அதிகாரியிடம் வாதாடிப் பார்த்தார். அதிகாரி மிஸ் ஹோல்கம் காரை விட்டு இறங்கவே இல்லை.

"உள்ளே போகாம உத்தரத்தை எப்படிம்மா எடுப்பாரு? அதுதானே கடைசிப் பரீட்சையே? தரை தாங்குற உத்தரம் ஒண்ணை விரிசல் விடாம முழுசா எடுத்துக் காட்டணும்."

"அது உங்க பாடு. நான் விதியை எழுதலை."

"கூரை மேல ஏத்திவிடறேன். வெளியே சாரம் கட்டி."

"கூரையும் வீடுதான்."

"சரி, விதியை மாத்தச் சொல்லி மனு போட்டா?"

"போடுங்க. விசாரணை ஜனவரியில வரும்."

மனுவைப் போட்டோம். ஆனால் பயிற்சி முடிவது அக்டோபரில்.

ரோண்டெல் பின்சந்தில் நின்றார். நாங்கள் உள்ளே போனோம். எந்த வீட்டையும் கட்டின வரிசைக்கு நேர் எதிராகப் பிரிக்க வேண்டும். கடைசியாக வைத்தது முதலில் வரும். கூரைத் தகடு, பலகை, மேல்மாடி உத்தரம் என்று ஒவ்வொன்றாக ஜன்னல் வழியே இறக்குவோம். அவர் வாங்கி ஆணி பிடுங்கி அடுக்குவார். செங்கல் வந்தால் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டுவார். மழையிலும் அங்கேதான்.

"டேய் ரோண்டெல்! மழை பெய்யுதுடா, உள்ள வாயேன்!" என்று மேலிருந்து பெர்னெல் கத்துவான். கள்ளச் செக் போட்டு மாட்டியவன். வாய் மட்டும் ஓயாது.

"நீ மொதல்ல கூரையைத் திருப்பி வைடா, அப்புறம் கூப்பிடு!"

ஒரு மதியம் வறுத்த மீனும் ரொட்டியும் வாங்கி வந்து உள்ளே நிழலில் உட்கார்ந்தோம். ரோண்டெல் வாசலின் வெள்ளைப் பளிங்குப் படியில் தனியாக உட்கார்ந்து தின்றார். தெருமுனைச் சபையின் போதகர் அவர் தோளைத் தட்டி, "கவலைப்படாதே தம்பி, கடவுள் கதவைத் திறப்பார்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கதவை மறுநாள் நாங்கள்தான் கழற்றினோம், கீலோடு. அப்போதும் ரோண்டெலால் உள்ளே வர முடியவில்லை.

பக்கத்து வீடுகள் ஏற்கெனவே விழுந்துவிட்டதால் நாங்கள் பிரித்த வீடு தனியாக நின்றது. மேல்மாடி போனது, சுவர்கள் போயின. கடைசி வாரத்தில் நிலவறையின் மேல் கீழ்த்தள உத்தரங்கள் மட்டும் திறந்த வானத்தைப் பார்த்துக் கிடந்தன. முன்னால் அந்தப் பளிங்குப் படிகள். செங்கல் சுமந்து ஏறி இறங்க வசதி என்று மிஸ் ஆர்லீன் அவற்றைக் கடைசிக்கு விட்டிருந்தார்.

நாங்கள் ஏழு பேரும் பரீட்சை முடித்தோம். பெர்னெலின் முதல் உத்தரம் பிளந்துவிட்டது, இரண்டாவதில்தான் தேறினான்.

"கிட்டிங்ஸ், வாங்க" என்றார் மிஸ் ஆர்லீன்.

ரோண்டெல் நடைபாதையை விட்டு நகரவில்லை. "வேண்டாம் மிஸ் ஆர்லீன். அந்தம்மா வண்டி நிக்குது பாருங்க."

உண்மைதான். மிஸ் ஹோல்கம் இந்த முறை இறங்கி வந்தார். "என்ன, உள்ளே போகப் போறாரா?"

"எதுக்குள்ளேம்மா?" என்றான் பெர்னெல். "கண்ணு நல்லாத்தானே இருக்கு?"

"நீ வாயை மூடு" என்றார் மிஸ் ஆர்லீன்.

மிஸ் ஹோல்கம் மேலதிகாரியைக் கூப்பிட்டார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி கூப்பிட்டார். எதிரே இருந்தது நாலைந்து உத்தரமும் ஒரு பள்ளமும். அது வீடா இல்லையா என்று சொல்ல அரசாங்கத்தில் ஒரு ஆள் கிடைக்கவில்லை!

ரோண்டெல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அம்மா, நான் இனிமே கேக்கப் போறதில்லை. இன்னைக்குப் போகலைன்னா சான்றிதழ் இல்லை, உள்ளே போடுவீங்க. போனாலும் உள்ளே போடுவீங்க. வேலையைச் செஞ்சிட்டே வர்றேன்."

பளிங்குப் படியில் ஏறினார். கதவு இருந்த இடத்தில் நின்று, பழக்க தோஷத்தில் பூட்ஸைத் துடைத்துக்கொண்டார். யாரும் சிரிக்கவில்லை. நிலவறைச் சுவரின் செங்கல் குழியில் பதிந்திருந்த உத்தர முனையைக் கடப்பாரையால் மெல்ல நெம்பினார். அவசரப்படாமல் இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். அது முனகிக்கொண்டே முழுசாக வெளியே வந்தது.

மிஸ் ஹோல்கம் கைபேசியைப் பைக்குள் போட்டார். "நான் வந்தப்போ இங்கே வீடு எதுவும் இல்லை. அப்படியே எழுதிக்கறேன்." காரில் ஏறிப் போய்விட்டார்.

நீதிமன்றத்தில் நீதிபதி சான்றிதழைப் பார்த்து மகிழ்ந்து, மறுவாழ்வு பற்றி ஒரு சொற்பொழிவே செய்தார். சிறைத்தண்டனையை ரத்து செய்தார். நன்னடத்தைக் காலம் மட்டும் இன்னும் ஓராண்டு, பழைய நிபந்தனைகளோடு. ரோண்டெலின் வழக்கறிஞர் எழுந்து, ஆளில்லாத வீடு பற்றிய நிபந்தனையை மட்டும் நீக்கக் கேட்டார்.

"அதற்குத்தான் மனு இருக்கிறதே. ஜனவரியில் பார்க்கலாம்."

திங்கட்கிழமை ரோண்டெலுக்கும் பெர்னெலுக்கும் வீடு பிரிக்கும் வேலை கிடைத்தது. அதே தெரு, நாலு வீடு தள்ளி. அந்த வீட்டுக்குக் கூரை இருக்கிறது, கதவு இருக்கிறது, அதனால் சட்டப்படி அது இன்னும் வீடுதான். ரோண்டெல் ஆணி பிடுங்கியோடு பின்சந்தில் நின்றுகொண்டு மேலே பார்த்துக் கத்துகிறார்: "டேய் பெர்னெல், சீக்கிரம் இறக்குங்கடா! பனி விழறதுக்குள்ள நான் உள்ள வரணும்!"